படத்துல எங்க ஊடு எங்கீங்க? – நகரத் திட்டமும் பகுதி சபையும்

1

2024இன் தொடக்க மாதங்கள். கோவைக்கான வரைவு முழுமைத் திட்டம் வெளியாகி, ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் கெடு ஓடிக்கொண்டிருந்த சமயம். எங்கள் பக்கத்து வார்டு ஒன்றில் குடியிருப்போர் கூட்டம். சமுதாயக் கூடத்தில் நாற்பது நாற்காலி, இருபது பேர். முதல் ஒரு மணி நேரமும் சாக்கடை, தெருவிளக்கு, நாய்த்தொல்லை, பத்து நாளைக்கொருக்கா வரும் தண்ணீர். பேச வேண்டிய விஷயங்கள்தான். கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கையோடு கொண்டுவந்திருந்த திட்ட வரைபடத்தை மேசைமேல் விரித்தார். மஞ்சளும் ஊதாவும் பச்சையுமாக நகரம் விரிந்து கிடந்தது. நாலைந்து பேர் குனிந்து பார்த்தோம். பின்வரிசையில் சுவரோரம் நின்றிருந்த ஒரு அம்மா முன்னால் வந்து கேட்டார்:

'ஏனுங் சார், இந்தப் படத்துல எங்க ஊடு எங்கீங்க இருக்குது?'

ஆசிரியர் பொறுமையானவர். சர்வே நம்பர் கேட்டார்.

'நம்பரெல்லாம் தெரியாதுங்க. வாய்க்கா ஓரத்துல, புளியமரத்துக்குக் கீழ்பக்கம்.'

'பட்டா இருக்குதுங்களா?'

'பட்டா இல்லீங்க. ஊடு இருக்குது.'

இரண்டு பேர் சிரித்தார்கள். டீ வந்தது. கூட்டம் கலைந்தது. பதிவேட்டில் சாக்கடை ஏறியது, தெருவிளக்கு ஏறியது. அந்தக் கேள்வி ஏறவில்லை.

இக்கட்டுரையின் அக்கறை பதிவேட்டில் ஏறாத அந்தக் கேள்வி பற்றியது. 'மக்கள் பங்கேற்பு' என்கிற சொல் இன்று அரசு அறிக்கைகளிலும் உலக வங்கி ஆவணங்களிலும் தன்னார்வ நிறுவனங்களின் கையேடுகளிலும் நம் தோழர்களின் கோரிக்கைப் பட்டியல்களிலும் ஒரே மாதிரியாகப் புழங்குகிறது. எதிரும் புதிருமாக நிற்பவர்கள் எல்லாரும் ஒரே சொல்லை ஒரே வாஞ்சையோடு உச்சரிக்கும்போது கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. நம்மிடம் இதற்கு இரண்டு தயார் பதில்கள் உண்டு. இதெல்லாம் கண்துடைப்பு, அந்தப் பக்கமே போகாதே என்பது ஒன்று. கிடைத்த சந்தில் நுழைந்துகொள், மீதியைப் பிறகு பார்க்கலாம் என்பது இன்னொன்று. யார் கேட்கப்படுகிறார்கள், எந்தக் கட்டத்தில் கேட்கப்படுகிறார்கள், கேட்ட பிறகு என்ன ஆகிறது என்ற மூன்றையும் பார்க்காமலே இரண்டு பதில்களும் சொல்லப்படுகின்றன. எனவே சட்டத்தையும் விதிகளையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாக வாசித்துப் பார்ப்போம்.

2

தமிழ்நாட்டில் ஒரு துண்டு நிலம் வயலாக இருக்க வேண்டுமா, வீடாக வேண்டுமா, சாயப்பட்டறையாக வேண்டுமா என்பதைத் தீர்மானிப்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன்படி உள்ளூர் திட்டக் குழுமம் திட்டத்தைத் தயாரிக்கும். நகர் ஊரமைப்பு இயக்ககம் சரிபார்க்கும். அரசு ஒப்புதல் தரும். நடுவில் ஓரிடத்தில் மக்கள் வருகிறார்கள். வரைவு தயாரானதும் அறிவிப்பு வெளியிட்டு, இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் கொடுத்து, எவரொருவரும் தம் ஆலோசனையையோ ஆட்சேபணையையோ எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்கிறது சட்டம். நேரில் சொல்ல வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அந்த வாய்ப்பையும் தர வேண்டும் என்கிறது.

'எவரொருவரும்' – எவ்வளவு தாராளமான சொல். சாதி இல்லை, வர்க்கம் இல்லை, பால் இல்லை. ஆனால் இந்தச் சொல்லுக்குள் நுழைய மூன்று படி ஏற வேண்டும். எழுத வேண்டும், கெடுவுக்குள் எழுத வேண்டும், ஒற்றை ஆளாக எழுத வேண்டும். தெரு என்று ஒன்று சட்டத்துக்குத் தெரியாது. வளவு தெரியாது. பத்துப் பேர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தால் அதற்குத் தனி எடை கிடையாது. அது பத்து ஆட்சேபணைக் கடிதமாக உடைந்து கோப்புக்குள் போகிறது. எழுத்தில் வராத பேச்சு வெறும் சத்தம்.

இதற்கும் மேலே, கேட்கப்படும் கட்டம். வண்ணம் தீட்டி, சாலை கீறி, எல்லை வகுத்து முடித்த பிறகுதான் கேள்வி வருகிறது. சமைத்து இலையில் பரிமாறிவிட்டு உப்புப் போதுமா என்று கேட்பது போல. என்ன சமைக்கலாம் என்று யாரும் கேட்கவில்லை. உப்பு போதாது என்று சொன்னால் சேர்த்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

கோவையின் கதையில் இதைவிட விசித்திரமான ஒன்று இருக்கிறது. 1981இல் மாநகராட்சியான இந்த ஊருக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயர் வந்தது 1996இல்தான். நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுக்கிறோம் என்று அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தம் சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் முதல் இனம் நகரத் திட்டமிடல். இரண்டாவது இனம் நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் முறைப்படுத்துவது. அடுத்த ஆண்டே, 1994 அக்டோபரில், கோவையின் முழுமைத் திட்டத்துக்கு அரசு ஒப்புதல் கொடுத்தது. அப்போது கோவையில் கவுன்சிலரும் இல்லை, மேயரும் இல்லை. தனி அலுவலர் ஆட்சி.

இது ஒருமுறை நடந்த தற்செயல் என்று விட்டுவிடலாமா? 2016 ஜனவரியில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் முதல் இருபது நகரங்களில் ஒன்றாகக் கோவை தேர்வானது. அதே ஆண்டு அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். குளக்கரைகளும் சாலைகளும் உருமாறிய அந்த ஐந்தரை ஆண்டுகளும் மறுபடி தனி அலுவலர். இரண்டு முறை இந்த நகரம் பெரிய அளவில் வரையப்பட்டிருக்கிறது. இரண்டு முறையும் வரையப்படுபவர்களின் பிரதிநிதிகள் அறையில் இல்லை. 2041 வரைக்குமான திட்டம் 2024இல் வரைவாக வந்து 2025இல் ஒப்புதல் பெற்றபோது மன்றம் இருந்தது, உண்மைதான். ஆனால் திட்டத்தைத் தயாரித்தது மன்றம் இல்லை. அட்டவணையில் முதல் இடம் பிடித்த அதிகாரம் இன்றும் மாநில அரசின் இயக்ககத்திடமே இருக்கிறது. ஏறக்குறைய 1,500 சதுர கிலோமீட்டர், மாநகராட்சி, நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் எல்லாம் சேர்ந்த ஒரு பரப்பு. அதற்கு அறுபது நாள்.

இரண்டு திட்டங்களுக்கும் நடுவே முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில் நகரம் சும்மா இருந்ததா? தோட்டம் சைட் ஆனது, சைட் கல்லூரி ஆனது, கல்லூரிக்கு எதிரே மால் வந்தது. நாளிதழின் ஓரத்தில் பொடி எழுத்தில் வரும் அறிவிப்புகளைப் பாருங்கள். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்ற உத்தேசம், ஆட்சேபணை இருந்தால் தெரிவிக்கவும். கோவையின் உண்மையான திட்டம் இந்தப் பொடி எழுத்தில்தான் முப்பது வருடமாக எழுதப்பட்டது. அதை வாசித்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் எத்தனை பேர்? வாசித்திருந்தாலும், சர்வே எண்ணை வைத்து அது தன் கிணற்றுக்கு மேற்கே வரும் நிலம் என்று கண்டுபிடித்தவர் எத்தனை பேர்?

3

இந்த இடைவெளியை நிரப்பத்தான் வார்டு குழுவும் பகுதி சபையும் என்று சொல்லப்படுகிறது. மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டுகள் குழு வேண்டும் என்று 74ஆவது திருத்தமே சொன்னது. தமிழ்நாட்டு மாநகராட்சிகளில் அது மண்டலக் குழுவானது, அதாவது கவுன்சிலர்களே கூடிப் பேசிக்கொள்வது. பிறகு ஜவஹர்லால் நேரு நகர்ப்புற மறுசீரமைப்புத் திட்டத்தின் நிதி வேண்டுமானால் மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் செய் என்று மத்திய அரசு நிபந்தனை போட்டது. 2010இல் இங்கே சட்டத்திருத்தம் வந்தது. விதிகள் வர 2022 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருடம். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், மாநிலம் முழுக்கப் பகுதி சபைகள் கூடின. கிராமத்துக்குக் கிராம சபை போல நகரத்துக்கும் ஒன்று கிடைத்தது என்பது சின்ன விஷயம் அல்ல. அதைக் கொச்சைப்படுத்துவது இங்கே நோக்கமில்லை.

ஆனால் இதன் இலக்கணத்தைப் பார்ப்போம். வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அவரைப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. கவுன்சிலர் தலைவர். கூடிப் பேசலாம், வளர்ச்சிப் பணிகளுக்கு முன்னுரிமை சொல்லலாம், குறைகளைச் சுட்டலாம். நிலப் பயன்பாட்டை மாற்றும் முன் பகுதி சபையைக் கேட்க வேண்டும் என்று நகர் ஊரமைப்புச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆக, தெருவில் எது உடைந்திருக்கிறது என்று சொல்லும் உரிமை மக்களுக்கு. தெரு எங்கே போக வேண்டும் என்று சொல்லும் உரிமை வேறு யாருக்கோ.

நமது அரசியல் பண்பாட்டில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: மனு. திங்கட்கிழமை காலையில் கலெக்டர் ஆபீஸ் வாசலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஸ்டாம்பு ஒட்டிய காகிதம், கைக்குழந்தை, தூக்குவாளி, எழுதிக்கொடுக்கிற ஆள், ரசீது. மனு என்பது கேட்பவர் கீழேயும் கொடுப்பவர் மேலேயும் இருக்கும் ஒரு மொழி வடிவம். அதில் 'தாழ்மையுடன்' வரும், 'ஆவன செய்ய' வரும். பதில் வந்தால் கருணை. வராவிட்டால் அடுத்த திங்கள். தீர்மானம் என்பது வேறொரு வடிவம். அதற்கு எண் உண்டு, தேதி உண்டு; அதில் ஒரு கூட்டம் தன் பெயரில் பேசுகிறது. பகுதி சபைகள் தீர்மானம் போடும் இடமாக அறிவிக்கப்பட்டு, நடைமுறையில் மனு வாங்கும் இன்னொரு கவுண்டராக இயங்குகின்றன. அன்று எங்கள் கூட்டத்தில் நடந்ததும் அதுதான்.

மனுநீதிச் சோழன் கதையை நாம் நீதியின் உச்சம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கன்று தேர்க்காலில் செத்தது, பசு மணியடித்தது, அரசன் மகனையே தேர்க்காலில் இட்டான். சரிதான். அடுத்த தேர் எந்த வீதியில் ஓடும், எந்த வேகத்தில் ஓடும் என்று பசுவிடம் யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை. இழப்புக்குப் பின் நீதி கேட்கும் மணி உண்டு. இழப்புக்கு முன் பேசும் இடம் இல்லை. திட்டமிடல் என்பது முழுக்க இழப்புக்கு முந்தைய விஷயம்.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969இல் எழுதிய ஒரு கட்டுரை இங்கே பயன்படும். குடிமக்களின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாக அவர் வரைந்தார். உச்சியில் மக்களின் கட்டுப்பாடு. கலந்தாலோசனை நாலாவது படி. தலையாட்டுவதற்கென்றே அமைக்கப்படும் ஆலோசனைக் குழுக்களை அவர் வைத்த இடம் எது தெரியுமா? கடைசிப் படி. அதற்கு அவர் கொடுத்த பெயர் சூழ்ச்சிக் கையாளல். ஆள்பவர்களுக்கு ஒப்புதல் தேவைப்படும்போது குழு உருவாகிறது என்பது அவரது வாதத்தின் சாரம்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டி நெறிகள் ஒவ்வொரு நகரிலும் ஓர் ஆலோசனை மன்றம் வேண்டும் என்றன. கலெக்டர், எம்.பி., எம்.எல்.ஏ., மேயர், நிபுணர்கள், இளைஞர்கள். குடியிருப்போர் சங்கம், வரி செலுத்துவோர் சங்கம், குடிசைப் பகுதிக் கூட்டமைப்பு, தொண்டு நிறுவனமோ வர்த்தக சபையோ. கேட்க நன்றாக இருக்கிறது. மன்றத்தைக் கூட்டுபவர் திட்டத்தை நிறைவேற்றும் கம்பெனியின் தலைமை அதிகாரியே. கோவையில் மேயர் நாற்காலி அந்த ஆண்டுகளில் காலி. குடிசைப் பகுதிக்கு ஒரு குரல், வர்த்தக சபைக்கும் ஒரு குரல். இது சமத்துவம் போலத் தெரியும். அந்தத் திட்டத்தில் வீட்டை இழக்கப்போகிறவர் ஒரு பக்கத்தவர் மட்டுமே என்பதை நினைத்தால் அப்படித் தெரியாது.

4

முத்தண்ணன்குளம், வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம். இன்று மாலையில் நடக்கப் போகிறோம், பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம், 'ஐ லவ் கோவை' எழுத்துகளின் முன் படம் எடுத்துக்கொள்கிறோம். குளம் காக்கப்பட வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடில்லை. அந்தக் கரைகளில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தவர்கள் கீரணத்தம், வெள்ளலூர், கோவைப்புதூர், மலுமிச்சம்பட்டி என்று நகரின் விளிம்புகளில் எழுந்த அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வேலை நகரத்திலேயே நின்றுவிட்டது; மனிதர்கள் மட்டும் நகர்ந்தார்கள். விடியற்காலையில் தெரு கூட்ட வர வேண்டியவருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்பது நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் வராத தகவல். 2021இல் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெயர் மாறியது, வாழ்விடம் எங்கே என்று முடிவுசெய்பவர் மாறவில்லை.

இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 'ஆக்கிரமிப்பு' ஒன்று, 'வரன்முறை' இன்னொன்று. அனுமதி இல்லாமல் போட்ட மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டினால் மீறல் மனையாகும். அப்படி மனை வாங்கிய நடுத்தர வர்க்கத்தாரில் பலர் ஏமாற்றப்பட்டவர்கள், அவர்கள்மேல் வழக்கு இல்லை. ஆனால் ஒரே சட்டத்தை இரண்டு பேர் மீறும்போது ஒருவருக்குச் சலான், ஒருவருக்குப் புல்டோசர். குளத்து நிலத்தை வரன்முறை செய்ய முடியாது என்பார்கள். சட்டப்படி சரி. அப்படியானால் அவர்கள் வேறெங்கே, வேலைக்குப் பக்கத்தில், குடியிருக்கலாம் என்று திட்டம் ஒரு நிறத்தை ஒதுக்கியிருக்க வேண்டுமே? ஒதுக்காதது யார் மீறல்?

இங்கே நாம் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய சங்கடமான கேள்வி ஒன்று உண்டு. அக்கம்பக்கம் அப்பாவியா? 'உள்ளூர் மக்கள்' என்றவுடன் நம் தோழர்கள் கண்ணில் ஒரு ஈரம் வருகிறது. கொங்குக் கிராமத்தில் ஊர் என்பது ஒருபோதும் எல்லாரையும் குறித்ததில்லை. ஊர் ஒருபக்கம், வளவு ஒருபக்கம். ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்தவர்களும் உண்டு, கை கட்டி எட்ட நின்றவர்களும் உண்டு. நகரத்துக் குடியிருப்போர் சங்கத்தில் கை கட்டி நிற்கச் சொல்வதில்லை. சந்தா கேட்கிறார்கள், வரி ரசீது கேட்கிறார்கள். விளைவு பெரிதாக வேறில்லை. ரிசர்வ் சைட்டைக் காப்பாற்ற வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு நடக்கும் சங்கங்களை மதிக்கிறேன். பூங்காவுக்கு விட்ட இடம் வேறு கைக்குப் போகாமல் இருந்தால் அதில் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அதே சங்கங்களில் சில, தங்கள் பக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வேண்டாம், 'அந்த ஆட்கள்' வந்தால் ஏரியா கெட்டுவிடும் என்றும் தீர்மானம் போடும். இரண்டுக்கும் பெயர் பங்கேற்புதான்.

2019 டிசம்பர் 2, விடியற்காலை. மேட்டுப்பாளையம் நடூரில், மழையில் ஊறிய ஒரு மதில் பக்கத்திலிருந்த வீடுகளின் மேல் சாய்ந்தது. ஏறத்தாழ இருபதடி உயரக் கருங்கல் மதில். தூக்கத்தில் இருந்த 17 பேர் செத்தார்கள். எல்லாரும் தலித்துகள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றார்கள் அங்கிருந்தவர்கள். அந்த மதிலால் ஆபத்து என்று முன்பே முறையிட்டோம் என்றும் சொன்னார்கள்.

அந்தச் செய்தி அப்போது சாதியச் செய்தியாகப் பேசப்பட்டது. அப்படிப் பேசப்பட வேண்டியதும்தான். அது ஒரு நகரத் திட்டச் செய்தியும் கூட என்பது நம்மில் பலருக்குத் தோன்றவில்லை. ஒருவர் வளாகத்துக்கும் அடுத்தவர் வீட்டுக்கும் நடுவே எவ்வளவு உயரத்தில், எந்த அஸ்திவாரத்தில், எவ்வளவு தள்ளிச் சுவர் எழலாம் என்பது கட்டட விதிகளின் அரிச்சுவடி. அந்த விதி இருப்பதே பக்கத்து வீட்டுக்காரருக்காக. ஆனால் பக்கத்து வீட்டுக்காரராக எண்ணப்பட, அவர் முதலில் ஆளாக எண்ணப்பட வேண்டும். மனு கொடுத்தவர்களிடம் ரசீது இருக்கலாம். பதில் தர வேண்டிய கடமை யாரிடமும் இருக்கவில்லை. ஆலோசனைக்கும் மனுவுக்கும் உள்ள வித்தியாசம் இலக்கண விஷயம் மட்டுமில்லை என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு காட்சி, அதே மாவட்டத்தில். 2021இல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் 3,800 ஏக்கருக்கும் மேல் எடுத்துத் தொழிற்பூங்கா அமைக்க அரசு முனைந்தது. விவசாயிகள் எழுந்தார்கள். ஓராண்டுக்கும் மேலாகப் போராட்டம். 2022 டிசம்பரில், விவசாயிகளின் நிலத்தைத் தொடமாட்டோம், தனியார் நிறுவனம் ஒன்றின் பயன்படாத நிலத்தில் மட்டும் பூங்கா வரும் என்று அரசு இறங்கிவந்தது. நல்ல வெற்றி. எந்த ஆலோசனைக் குழு வழியாகவும் வந்த வெற்றி அல்ல அது. தெருவில் வந்தது. அந்தத் தெருவில் நின்றவர்களிடம் பட்டா இருந்தது, வாக்கு வங்கி இருந்தது, எல்லாக் கட்சியிலும் உறவினர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பாடம் முழுமையாகும். அன்னூரின் 'வேண்டாம்' கோட்டை வரை கேட்டது. நடூரின் 'வேண்டாம்' தாலுகா ஆபீஸைத் தாண்டவில்லை. இந்தத் தூரத்தைக் குறைப்பதற்குத்தான் ஒரு நிறுவன ஏற்பாடு வேண்டும்; பலம் உள்ளவர்களுக்குத் தெரு எப்போதும் இருக்கிறது.

5

வேறெங்காவது இது நடந்திருக்கிறதா? நியூயார்க் நகரில் 59 சமுதாய வாரியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் வரை, நியமனம்தான். நிலப் பயன்பாட்டு மாற்ற விண்ணப்பம் ஒன்று வந்தால் வாரியம் அறுபது நாளுக்குள் பொதுக்கூட்டம் நடத்திக் கருத்துச் சொல்கிறது. அந்தக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நமக்கும் அவர்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம்: அங்கே அந்தப் படியைத் தாண்டிக் கோப்பு நகராது, ஒவ்வொரு விண்ணப்பமும் அந்தத் தெருவில் வாய்விட்டு வாசிக்கப்பட்டாக வேண்டும். நம் அறுபது நாள் முப்பது வருடத்துக்கு ஒருமுறை வருகிறது. அவர்களுடையது ஒவ்வொரு மாற்றத்துக்கும் வருகிறது. அங்கேயும் வாரியங்களில் வீட்டுச் சொந்தக்காரர் குரலே ஓங்குகிறது என்ற விமர்சனம் உண்டு. அக்கம்பக்கம் எங்கேயும் அப்பாவி இல்லை.

அவ்வளவு தூரம் போவானேன், வாளையார் தாண்டினால் போதும். கேரளத்தில் 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்டம் மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே உள்ளாட்சிகளிடம் கொடுத்துவிட்டு, பிறகு கிராம சபைகளைக் கூட்டியது. முதலில் பணம், அப்புறம் பேச்சு. பேசுகிறவர்களுக்குத் தாங்கள் பேசுவது நடக்கும் என்று தெரிந்ததால் வந்து பேசினார்கள். நிலத்தைப் பொறுத்தவரை இன்னும் கூர்மையான உதாரணம் 2008ஆம் ஆண்டின் நெல்வயல், சதுப்புநிலப் பாதுகாப்புச் சட்டம். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஓர் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு: ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், விவசாயிகளின் பிரதிநிதிகள் மூன்று பேர். எந்த வயல் வயல் என்ற பட்டியலைத் தயாரிப்பதே இந்தக் குழுதான். அதாவது வரைபடத்தில் பச்சை தீட்டும் தூரிகை ஊர்க்காரர் கையில். குழுக்கள் விலைபோன கதையும் உண்டு. 2018இல் திருத்தம் கொண்டுவந்து கட்டணம் கட்டி மாற்றும் வழியைத் திறந்துவிட்டார்கள் என்பதும் உண்டு. ஆனால் நம் அதிகாரிகள் அடிக்கடி சொல்லும் 'இதெல்லாம் டெக்னிக்கல் விஷயங்க, ஜனங்களுக்குப் புரியாது' என்ற வாதம் பாலக்காட்டில் பொய்த்துப்போனது. வயல் எது என்று விவசாயிக்குத் தெரியும். வெள்ளம் எந்தப் பக்கம் வரும் என்று வாய்க்கால் ஓரத்து அம்மாவுக்குத் தெரியும்.

6

ஆகவே கண்துடைப்பு என்று ஒதுங்கிவிடுவதா, கிடைத்த சந்தில் நுழைவதா என்ற கேள்வியே தப்பாகக் கேட்கப்பட்டது என்று நினைக்கிறேன். பகுதி சபை என்ற வடிவம் வந்துவிட்டது. அதை மனு வாங்கும் இடத்திலிருந்து பதில் கேட்கும் இடமாக மாற்றுவதற்கு என்ன தேவை என்பதுதான் இப்போது நம் முன் உள்ளது. எனக்குத் தெரிவது மூன்று.

ஒன்று, நிலப் பயன்பாட்டு மாற்றம், ரிசர்வ் சைட், குடியமர்த்தல் இவை எதுவும் பகுதி சபையின் முன் வாய்மொழியாக வாசிக்கப்படாமல் அடுத்த மேசைக்குப் போகக் கூடாது. சர்வே எண்ணோடு தெருப்பெயரும் வாய்க்கால் பெயரும் கோயில் பெயரும் சேர்த்து, தமிழில், அந்த இடத்திலேயே பலகை வைத்து. ஏற்கெனவே கூடுகிற சபைக்கு இதில் செலவு என்ன?

இரண்டு, சபையின் தீர்மானத்துக்குத் திட்டக் குழுமம் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுத்தால் ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும், இத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும். காரணம் சொல்லும் கடமை வந்துவிட்டால் அதிகாரத்தின் மொழி மாறியே தீரும். 'பரிசீலிக்கப்படும்' என்ற செயப்பாட்டு வினைக்குப் பின்னால் ஒளிய முடியாது. பரிசீலித்தவர் யார் என்று எழுதியாக வேண்டும். அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்கும் போகலாம், தெருவுக்கும் போகலாம்.

மூன்று, சபையில் பேசத் தகுதி பட்டா அல்ல, வசிப்பு. வாடகைக்கு இருப்பவர், வாய்க்கால் ஓரத்தில் இருப்பவர், மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் வேலைக்கு வந்து பத்துக்குப் பத்து அறையில் இருக்கும் ஒடியாக்காரரும் பிகார்க்காரரும் எல்லாரும். கூடவே ஒரு தடை: யாருடைய இருப்பைக் கெடுக்கும் தீர்மானமானாலும் அவரை உட்கார வைத்துக் கேட்காமல் போட்டால் அது செல்லாது. அரசிடம் நாம் கேட்கும் பதிலை அக்கம்பக்கமும் தன் அக்கம்பக்கத்துக்குத் தர வேண்டும். இது இல்லாமல் முதல் இரண்டை மட்டும் வென்றால், ஊர்க்கூட்டத்துக்கு அரசு முத்திரை குத்திக்கொடுத்த கதையாக முடியும்.

இவையெல்லாம் ஆர்ன்ஸ்டைனின் ஏணியில் நடுப்படிகள்தான். புரட்சி அல்ல. நிலத்தின் விலை நகரத்தை வரையும்வரை குழுவின் பேனா எவ்வளவு தூரம் எழுதும் என்று தோழர்கள் கேட்பது நியாயம். ஆனால் நடூரில் அந்தக் குடியிருப்போரின் முறையீட்டுக்கு ஒரு தேதி போட்ட பதில் எழுதும் கட்டாயம் யாரோ ஒருவருக்கு இருந்திருந்தால் என்று யோசித்துப் பார்க்கிறேன். நடுப்படி அப்போது அவ்வளவு அற்பமாகத் தெரியவில்லை.

அந்த அம்மாவின் வீடு எங்கே இருக்கிறது என்று கூட்டத்துக்கு அடுத்த வாரம் நானும் அந்த ஆசிரியரும் போய்ப் பார்த்தோம். வாய்க்கால், புளியமரம், கீழ்பக்கம் பதினோரு வீடு. வரைபடத்தோடு ஒப்பிட்டோம். அந்த இடத்தில் ஒரு சாலையின் கோடு போயிருந்தது. வீடு ஒன்றுகூட இல்லை. அவரிடம் சொன்னபோது சிரித்தார். 'அதாங்க கேட்டேன்' என்றார். பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒரு ஆட்சேபணை எழுதிக் கெடுவுக்குள் கொடுத்தோம்; ரசீது கிடைத்தது. அடுத்த கூட்டத்தில் பதிவேட்டின் முதல் வரியாக அவர் கேள்வியை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம்.